"ஃபேன் போடாதீங்க" என்றோம், "ஃபேன் போடணும்" என்றார்கள்: கொருக்குப்பேட்டையில் ஒரு பாதுகாப்பு உரை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

களப்பணியாளர்களுக்குக் கூட்டத்தில் பேசக் கற்றுக்கொடுப்பது என் வேலை. வடசென்னையில் வீட்டுத் தீ விபத்துத் தடுப்பில் இறங்கியிருந்த ஒரு தொண்டு அமைப்பு 2022 ஜூன் மாதம் என்னை அழைத்தது. அவர்களுடைய பேச்சாளர் பொறியியல் படித்த இளம்பெண். பொருளை நன்றாக அறிந்தவர், குரலும் கணீரென்று இருக்கும். "எல்லாரும் நல்லா கேக்குறாங்க சார், கைதட்டுறாங்க. ஆனா மனசுல நிக்குதான்னு தெரியல" என்று அவரே கேட்டதில்தான் இந்த ஆய்வு தொடங்கியது. சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கூட்டம் நடந்த இடம் கொருக்குப்பேட்டை, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே பல வீடுகள் ஒற்றை அறைதான். சமையல், படுக்கை, துணி, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாம் அதற்குள். அடுப்பு மேடைக்கு அடியில் 14.2 கிலோ சிலிண்டர் இருக்கும். நாலடி தள்ளிப் பாயில் பிள்ளைகள் படுத்திருப்பார்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படரும், பாயில் படுத்திருப்பவர்களின் மூக்கு மட்டத்தில் தேங்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். அந்த வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. எத்தில் மெர்காப்டன் கலப்பதால் மட்டுமே நாறுகிறது. அந்த நாற்றம் மூக்கில் ஏறியதும் ஒரு பெண் செய்யும் முதல் இரண்டு மூன்று காரியங்களில் வீடு தப்பும், இல்லையென்றால் போகும். இந்த உரை நினைவில் நிற்கிறதா என்ற கேள்வியை நான் இவ்வளவு கனமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

முதல் உரை

மகளிர் குழு கூடும் அறையில் 26 பெண்கள். உரை 45 நிமிடம், திரையில் 31 படங்கள். கேஸ் என்றால் என்ன, சிலிண்டரின் பாகங்கள், சோதனைத் தேதியைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகள், ட்யூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது, செய்யக்கூடாத 12 காரியங்கள், கசிந்தால் என்ன செய்வது, தீக்காயத்துக்கு முதலுதவி, தொலைபேசி எண்கள். இந்த வரிசையில் போனது. கசிவு பற்றிய பகுதி வந்தபோது 22ஆவது படம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து, யார் எப்போது வருகிறார்கள், எப்போது போகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். தொடங்கும்போது 13 பேர்தான். மற்றவர்கள் பத்து, பதினைந்து நிமிடம் கழித்து, "கேட்டு போட்டுட்டாங்க, கூட்ஸு வண்டி" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். 38ஆவது நிமிடத்தில் தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. ஒன்பது பேர் எழுந்து போனார்கள். யாரும் மரியாதைக் குறைவாகப் போகவில்லை. குடம் வரிசையில் இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை.

நடுவில் பேச்சாளர் தன் தெருவில் நடந்த ஒன்றைப் போகிற போக்கில் சொன்னார். டீ போடும்போது ஒரு பெண்ணின் நைட்டியில் தீப்பிடித்த கதை, இரண்டு நிமிடம்கூட இருக்காது. அறை அப்படியே அடங்கிவிட்டது. பிறகு மறுபடி படங்களுக்குப் போனார்.

ஒன்பது நாள் கழித்து

வந்திருந்தவர்களில் 14 பேரை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். "அன்னைக்கு என்ன சொன்னாங்க" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பரீட்சை எழுதுவதுபோல் யோசித்து ஏதாவது சொல்வார்கள். ஒரே கேள்வி: "நடு ராத்திரி முழிப்பு வருது, கேஸ் நாத்தம் அடிக்குது. மொதல்ல என்ன பண்ணுவீங்க?"

ஐந்து பேர் ஃபேன் போடுவோம் என்றார்கள். நாலு பேர் லைட்டைப் போட்டு எங்கே கசிகிறது என்று பார்ப்போம் என்றார்கள். மூன்று பேர் ரெகுலேட்டரை அணைப்போம் என்றார்கள். இரண்டு பேர் வீட்டுக்காரரை எழுப்புவோம் என்றார்கள்.

ஃபேன் என்று சொன்ன ஓர் அக்காவிடம், "யார் சொன்னாங்க?" என்றேன். "அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. ஃபேன் போட்டா வாடை வெளிய போய்டும்னு. படம்கூட காட்டிச்சே" என்றார். படம் உண்மைதான். சுழலும் மின்விசிறி, அதன்மேல் குறுக்கே சிவப்புக் கோடு. அவர் மனதில் மின்விசிறி இருந்தது, சிவப்புக் கோடு இல்லை.

நைட்டிக் கதை 11 பேருக்கு நினைவிருந்தது. ரோஸ் கலர் நைட்டி என்பதுகூட நினைவிருந்தது.

எங்கே தவறியது

பேச்சாளரும் நானும் இந்தப் பதில்களை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தோம். அவர் கண் கலங்கியது. "நான் பேசாம இருந்திருந்தா அவங்களுக்கு ஃபேன் ஞாபகமே வந்திருக்காது இல்ல சார்?" என்றார். ஆறுதலுக்காக "அப்படியில்லை" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நேர்மையான கேள்வி.

அவர் அஞ்சியது நடக்கக்கூடியதே. இயன் ஸ்கர்னிக்கும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சில கூற்றுகளைப் பொய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டினார்கள். மூன்று நாள் கழித்து, முதியவர்கள் அதிக முறை மறுக்கப்பட்ட கூற்றுகளையே உண்மை என்று கூடுதலாகத் தவறி நினைத்தார்கள். கேள்விப்பட்டது என்ற பழக்கம் தங்குகிறது, அதோடு ஒட்டியிருந்த "இல்லை" உதிர்ந்துவிடுகிறது. நம் உரையில் அப்படி 12 "கூடாது"கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு படத்தோடு.

இரண்டாவது தவறு வரிசையில். உரை பாடப்புத்தகம் போகிற வழியில் போனது: என்ன பொருள், என்ன பாகம், என்ன விதி. இரவு இரண்டு மணிக்கு நாற்றத்தோடு விழிக்கும் பெண்ணுக்கு அந்த வழியில் எதுவும் நினைவுக்கு வராது. அவருக்கு நாற்றம்தான் நூலின் முனை. அங்கே பிடித்து இழுத்தால் அடுத்தடுத்து வரவேண்டியது அவர் கைகள் செய்யவேண்டிய காரியங்கள். நாங்களோ நாற்றத்தை 22ஆவது படத்தில், இரண்டு விதிகளுக்கு நடுவே புதைத்து வைத்திருந்தோம்.

மூன்றாவதுதான் எனக்குப் பாடமாக அமைந்தது. பேச்சுப் பயிற்சியில் நான் பல ஆண்டாகச் சொல்லிவருவது, முக்கியமானதை முதலிலும் முடிவிலும் வை என்பது. அதற்கு ஆதாரம் உண்டு. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் நினைவைத் தன்மேலேயே சோதித்து 1885இல் நூலாக எழுதினார். 1962இல் முர்டாக் சொற்பட்டியல்களை வைத்துச் செய்த சோதனை, முதலில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் நன்றாக நிற்க, நடுவில் வந்தவை நழுவுவதைத் தெளிவாகக் காட்டியது. ஆனால் அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்கள் பட்டியல் தொடங்கும் முன்பே வந்து, முடியும்வரை உட்கார்ந்திருந்தவர்கள். கொருக்குப்பேட்டையில் முதல் பத்து நிமிடத்தை ரயில்வே கேட் எடுத்துக்கொள்கிறது, கடைசிப் பத்து நிமிடத்தைத் தண்ணீர் லாரி எடுத்துக்கொள்கிறது. எல்லாரும் சேர்ந்து கேட்பது நடுவை மட்டும். நல்ல மேடைக்குத் தைத்த சட்டையை இந்த அறைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறோம்.

எடுத்த முடிவுகள்

முதலில் குறைத்தோம். பேச்சாளர் எளிதில் சம்மதிக்கவில்லை. "ட்யூப் மாத்தணும்னு சொல்லாம எப்படி சார் விடுறது? அதுலதானே பாதி கசிவு?" என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் ட்யூப் தேதியை யாரும் மனதில் சுமக்க வேண்டியதில்லை, ஒருமுறை பார்த்தால் போதும். அதை உரையிலிருந்து எடுத்து வீட்டுக்கு வீடு போகும் பணியில் சேர்த்தோம்: தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்குள் போய் ட்யூபில் அச்சிட்ட தேதியைப் பார்த்துச் சொல்வார். கேஸ் கசிவு அவசர எண்ணான 1906ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்வதை விட்டோம். கூட்டத்திலேயே ஒவ்வொருவர் போனிலும் பதிந்து கொடுப்பது என்று வைத்தோம். நெருக்கடி நேரத்தில் தலைக்குள் தேடவேண்டியதை மட்டும் உரையில் வைத்தோம். உரை 20 நிமிடமானது. திரை போனது.

அடுத்தது அந்த "கூடாது". சுவிட்ச் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. சுவிட்சுக்குள் தகடுகள் ஒட்டும்போதும் பிரியும்போதும் சின்னப் பொறி எழும். போட்டாலும் ஆபத்து, அணைத்தாலும் ஆபத்து. ஃபேன், லைட் என்று பெயர் சொன்னாலே அவை மனதில் ஏறிவிடுகின்றன. பேச்சாளர் ஒரு வாக்கியம் எழுதி வந்தார்: "மின் சாதனங்கள் எந்த நிலையில் உள்ளனவோ அந்த நிலையிலேயே விடவும்." பொருள் சரி, வாயில் நிற்காது. முன்னோட்டமாக நாலைந்து பெண்களிடம் சொல்லிக் காட்டியபோது, இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, "அதாவது, கெடக்குறது கெடக்கட்டும். அதானே?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குமேல் தேடவில்லை.

கெடக்குறது கெடக்கட்டும். குமிழ மூடு. கதவ தொற. வெளிய வா.

நாலே வரி. குமிழ் என்பது சிலிண்டர் தலையில் இருக்கும் ரெகுலேட்டரின் குமிழ். போன் பேசுவது வெளியே வந்த பிறகு என்பதால் அதைத் தனி வரியாக்கவில்லை. வரிசை அந்த அறைக்குள் உடம்பு நகரும் வரிசை: படுத்த இடம், அடுப்பு மேடை, கதவு, தெரு.

முன்னோட்டத்திலேயே ஓர் ஆயா மறித்தார். "கொழந்தைய வுட்டுட்டு எவ கொமிழ மூடப் போவா?" அவர் கேட்டபோது அறையில் எல்லாத் தலையும் ஆடியது. ஒரு தாயின் உடம்பு மறுக்கும் வரிசையை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அது அந்த நேரத்தில் உடைந்துவிடும். அனுபவமுள்ள கேஸ் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு இப்படி வைத்தோம்: நடக்கத் தெரிந்த பிள்ளையை வாய் எழுப்பும், கை குமிழுக்குப் போகும், இரண்டும் ஒரே நேரத்தில். கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும், குமிழை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

கேட்டுக்கும் லாரிக்கும் ஒரு வழி வேண்டியிருந்தது. எந்த நிமிடத்தில் உள்ளே வந்தாலும், எந்த நிமிடத்தில் எழுந்து போனாலும் நாலு வரி கையில் இருக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களுக்குப் பேச்சாளர் மறுபடி சொல்வதற்குப் பதில், முன்பே வந்தவர்கள் சொல்லிக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். படித்ததை மறுபடி படிப்பதைவிட, தலையிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் நன்றாக நிற்கும் என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் செய்த ஆய்வு காட்டியிருந்தது. தாமதமாக வருவது தொல்லை என்றிருந்த எங்களுக்கு, அதுவே சொல்லிப் பார்க்க ஒரு வாய்ப்பாகிவிட்டது.

இரண்டாம் உரை

ஜூலையில், வேறொரு தெருவில், 23 பெண்கள். பேச்சாளர் வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஆரம்பித்தார்: "ராத்திரி ரெண்டு மணி அக்கா. கரண்ட் இருக்கு, ஃபேன் ஓடுது, பாப்பா பக்கத்துல. திடீர்னு மூக்குல ஏறுது. எழுந்துட்டீங்க." நைட்டிக் கதையை எடுத்துவிட்டோம். கதை அவ்வளவு வலுவாக நிற்குமென்றால், நிற்கவேண்டியதையே கதையாக்கலாமே. நாலு வரியும் அந்த இரவுக்குள்ளேயே வந்தன. ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, கதை முடியும்வரை.

பிறகு ஒரு காலிச் சிலிண்டரை நடுவில் வைத்து, ஒவ்வொருவராக வந்து கண்ணை மூடிக்கொண்டு குமிழை மூடச் சொன்னார். இருட்டில் செய்யவேண்டிய காரியத்தை வெளிச்சத்தில் பழகினால் கை தடுமாறும் என்பது அவருடைய யோசனை, என்னுடையது இல்லை. அந்த இரண்டு மூன்று நிமிடங்களை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஆயா, கண்ணை இறுக்கி மூடி, விரலால் சிலிண்டரின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்து குமிழைப் பிடித்தார். ஆனால் மூடவில்லை. மணிக்கட்டை ஒருமாதிரி வளைத்து, பின்பக்கமாகக் கையைக் கொண்டுபோனார். கண்ணைத் திறந்து, "எங்க வூட்ல இது செவத்துப் பக்கமா இருக்கும்மா. இங்க கைய வுட முடியாது" என்றார். இன்னும் ஆறேழு பேர் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றார்கள். சிலிண்டரைத் திருப்பி, குமிழ் முன்பக்கம் பார்க்க வைக்க வேண்டும் என்பது எங்கள் 31 படங்களில் ஒன்றிலும் இல்லாத விஷயம்.

அன்றும் கேட் போட்டிருந்தார்கள். எட்டுப் பேர் பின்னால் வந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் அவர்களுக்குச் சொன்னார்கள், ஒருவர் தப்பாகச் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். லாரி வந்தபோது வாசலில் நின்ற தன்னார்வலரிடம் நாலு வரியைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். சிலர் குடத்தோடு ஓடிக்கொண்டே சொன்னார்கள்.

பின்னர் நடந்தது

அதே ஒன்பது நாள், அதே கேள்வி, 15 பேர். 12 பேர் "கெடக்குறது கெடக்கட்டும்" என்றோ குமிழ் என்றோ தொடங்கினார்கள். இரண்டு பேர் வீட்டுக்காரரை எழுப்புவோம் என்றார்கள். ஒருவர் ஃபேன் என்றார். கேட்டவன் நானே, எண்ணிக்கையும் சிறியது, இரண்டு தெருவும் ஒன்றல்ல. இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சாளரும் நானும் முதல் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

முதல் குழுவுக்கும் புதிய உரையைக் கொண்டுபோனோம். அங்கே வேலை கடினமாக இருந்தது. ஃபேன் என்று சொல்லியிருந்த ஐந்து பேரில் மூன்று பேர், புதிய உரைக்குப் பின்னும், "ஃபேனு..." என்று தொடங்கி, நிறுத்தி, பிறகுதான் சரியாகச் சொன்னார்கள். அந்த ஒரு கணத் தயக்கம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒருமுறை தப்பாக விதைத்தால், அதன்மேல் சரியானதை ஊன்றினாலும் பழையதுதான் முதலில் தலைநீட்டுகிறது.

அக்டோபரில், மழை தொடங்கிய சமயம், இரண்டாம் குழுவில் ஒருவரின் வீட்டில் எலி ட்யூபைக் கடித்துவிட்டது. நள்ளிரவு தாண்டி நாற்றத்தில் விழித்திருக்கிறார். எதையும் தொடவில்லை. மகனைக் கத்தி எழுப்பிக்கொண்டே குமிழை மூடினார். சிலிண்டரை முன்பே திருப்பி வைத்திருந்ததால் இருட்டில் கை நேராகப் போயிற்று என்றார். கதவைத் திறந்து மகனோடு தெருவுக்கு வந்து 1906க்குப் போன் போட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணன், உதவி செய்யும் அவசரத்தில் அவரைத் தாண்டி உள்ளே போய், வாசலை ஒட்டியிருந்த சுவிட்சைத் தட்டி லைட்டைப் போட்டுவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. குமிழ் மூடியிருந்தது, கதவு திறந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. அதற்குமேல் அதிர்ஷ்டம்தான்.

மாற்ற வேண்டியவை

பகலில் கூடும் மகளிர் குழுவில் மட்டும் பேசினோம். அந்த அண்ணன் எந்தக் கூட்டத்துக்கும் வந்தவர் இல்லை, வரக்கூடிய நேரமும் அது இல்லை. ஆண்களுக்காகத் தனியாக, கேரம் கிளப்பிலும் இரவு டீக்கடை பெஞ்சிலும் பேசத் தொடங்கியிருக்கிறோம். அங்கே 20 நிமிடம் கிடைக்காது, ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். நாலு வரிக்கு அது போதுகிறது.

ஆனால் கூட்டத்துக்கு வராதவர் எப்போதும் ஒருவர் இருப்பார். ஆகவே வெளியே வந்தவர் மற்றவர்களுக்குக் கொடுக்கவேண்டிய சத்தம் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தோம். "லைட்டப் போடாதீங்க" என்பது பேச்சாளர் முதலில் எழுதியது. எழுதிவிட்டு அவரே அடித்துவிட்டார். பதற்றத்தில் ஓடிவருபவர் காதில் அதில் லைட் மட்டும்தான் விழும்.

அந்த இரவைக் கடந்த பெண்ணிடமே போய்க் கேட்டோம். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திறந்திருந்த கதவில் இரண்டு கையையும் நிலைக்கு நிலை ஊன்றி, வழியை மறித்து நின்று காட்டினார். "நா இப்டி நின்னுக்கினு, கேஸு, வெளியவே நில்லுங்கன்னு கத்திருக்கணும்" என்றார். ஐந்தாவது வரியாக அதையே இப்போது சொல்லித் தருகிறோம், கையை அப்படி ஊன்றி நிற்கவைத்து.